ஏழாம் எண் வேங்கை

மேகம் வந்து முட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் மழையாக இறங்கிவிடுகிற மொட்டவாரி மலையின் மேற்குச் சரிவில் எங்கள் பளியர் குடி இருக்கிறது. எங்கள் காட்டை நாங்களே அளந்து வரைபடம் போட்ட வருஷத்தில்தான், ஆத்தாமூக்குப் பாறையின் தலையில் நின்ற வேங்கை மரம் அங்கிருந்து புறப்பட்டு வந்து என் தம்பி தவசியின் குடிசைக்குப் பின்னால் நின்றது. இதை வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம், ஏனென்றால் அன்று விடிந்ததும் அந்த மரத்தை முதலில் பார்த்தவள் நான்தான், முதலில் வைதவளும் நான்தான்.

வரைபடம் போடச் சொன்னது திண்டுக்கல்லிலிருந்து வந்த ஜெசிந்தா. சங்கத்துப் பெண், நல்ல பெண்தான், ஆனால் நல்ல பெண் என்று சொல்வதற்கு எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. வன உரிமைச் சட்டம் வந்துவிட்டது, நீங்கள் காலங்காலமாகத் தேன் எடுக்கிற பாறையும் கிழங்கு தோண்டுகிற சரிவும் சாமி கும்பிடுகிற சோலையும் உங்கள் குடிக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கலாம், அதற்கு எல்லை இன்னது என்று நீங்களே நடந்து அளந்து காட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது, எங்கள் குடியில் எல்லோருக்கும் மூத்தவளான சின்னாத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க என்ன இருக்குன்னு நாங்க எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அத எடுக்குறதுக்கு நாங்க எதுக்குத் தாயி?"

ஆனாலும் நாங்கள் நடந்தோம், ஏனென்றால் நடக்காவிட்டால் ஆத்தாமூக்கு போய்விடும் என்பது எங்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பாறை இல்லாமல் எங்களுக்குத் தேன் இல்லை, தேன் இல்லாமல் மழைக்காலத்தில் அரிசி இல்லை. நடந்தோம், ஆனால் எங்கள் பாணியில் நடந்தோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு இடத்தை மட்டும் வரைபடத்துக்குச் சொல்லாமல் மறைத்துக்கொண்டது. நூரைக்கிழங்கு கிடைக்கிற ஓடை எது என்று கேட்டால் ஒருத்தன் கிழக்கே கை நீட்டுவான், அவன் பெண்டாட்டி அதே நேரத்தில் மேற்கே கை நீட்டுவாள், ஜெசிந்தா இரண்டுக்கும் நடுவே போய்ப் புள்ளி வைப்பாள். எல்லையில் மட்டும் யாரும் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லையில் சாமி இருக்கிறது.

அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் தவசி. முந்தின வருஷங்களில் கோடைகாலத் தீக்காவலுக்கு வனத்துறையில் கூலியாகப் போனவன், கருவியும் தெரியும், கால் வலிக்காது, அப்போது கொடுத்த காக்கிச் சட்டையை இன்னமும் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிகிறவன். எல்லையில் நின்ற பெரிய மரங்களுக்கெல்லாம் ஜெசிந்தா மஞ்சள் பெயிண்டால் எண் போட்டாள். ஆத்தாமூக்கின் தலையில் நின்ற வேங்கைக்கு ஏழாம் எண் வந்தது. பெயிண்டு காய்வதற்குள் நாங்கள் மலையிறங்கிவிட்டோம், மறுநாள் காலையில் ஏழாம் எண் வேங்கை தவசியின் குடிசைக்குப் பின்னால், அவனுடைய கோழிக்கூண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பதுபோல நின்றது.

மேலே போய்ப் பார்த்தோம். மரம் நின்ற இடத்தில் குழி இல்லை, மண் பிளக்கவில்லை, போதைப்புல் முளைத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே வந்து பார்த்தோம். மஞ்சள் ஏழு அப்படியே இருந்தது, ஜெசிந்தா போட்டபோது வழிந்த ஒரு சொட்டுகூட மாறவில்லை. தவசி பன்றி விரட்ட மேல்சரிவுக்குப் போய் ஒரு நாள் தங்கினால் மரமும் மேல்சரிவில் இருக்கும், அவன் சந்தைக்கு இறங்கினால் மலையடிவாரத்து வளைவு வரை போய் நிற்கும். தார்ச்சாலையை மட்டும் தாண்டாது. அது நடப்பதை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரு ஜோடிக் கண் அதன்மேல் இருக்கிற வரைக்கும் அது மற்ற மரங்களைப்போல் யோக்கியமாக நிற்கும். கண்ணை எடுத்தால்தான் அதற்குக் கால் வரும்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் மரம் ஏன் நடந்தது என்று கேட்கிறார்கள். எங்கள் குடியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எங்கள் குடி கேட்டதெல்லாம், இது யாருடைய ஆள் என்பதுதான்.

வனத்துறைக்காரன் அனுப்பிய உளவு என்றார்கள் பாதிப்பேர். காட்டை ஒட்டியிருக்கிற எஸ்டேட்காரன் வேலை என்றார்கள் மீதிப்பேர். பெண்கள் அந்தப் பக்கம் தண்ணீருக்குப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அப்புறம் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள், அப்புறம் மரம் கேட்கட்டும் என்றே வனத்துறையை வாயாரப் புகழ்ந்துகொண்டு போனார்கள். உடும்பு சுட்டவன் குழம்புச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு குடியின் மறுபக்கம் போய்ச் சாப்பிட்டான். ஒரு கல்யாணப் பேச்சு அந்த மரத்துக்குக் கேட்கும் தூரத்தில் நடந்துவிட்டது என்பதற்காகவே முறிந்துபோனது. சின்னாத்தி மட்டும் தினமும் அதன் அடியில் போய் நின்று, யாரும் மாமியாரைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள், மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள்.

வனத்துறைக் கார்டும் வந்தான். காப்புக்காட்டு மரத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் இடம் மாற்றியிருக்கிறீர்கள், இது கடத்தல் என்றான். கடத்தினால் வெட்டித்தானே ஐயா கடத்துவார்கள், இது இலையும் பூவுமாக நிற்கிறதே என்று தவசி கேட்டதற்கு, நிஜமாகவே உயிரோடுதான் இருக்கிறதா என்று அரிவாளால் பட்டையில் ஒரு கொத்து கொத்தினான். வேங்கைக்கு ரத்தம் மாதிரிதான் பால் வரும், எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனாலும் அது வழிந்து அவன் பூட்ஸின் மேல் விழுந்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது. வழக்கு எதுவும் எழுதாமல் இறங்கிப் போய்விட்டான். எழுதாமல் போனானே, அதுதான் எங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. எழுதியிருந்தால் மரம் எங்கள் பக்கம் என்று நினைத்திருப்போம்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என் வீட்டுக்குள் புகுந்தது.

என் புருஷன் சடையன் ஓட்டைப்பாறை என்கிற ஒரு மறைவான பாறையில் கல்பாசி காயப்போடுவான். வரைபடத்துக்குச் சொல்லாமல் எங்கள் குடும்பம் ஒளித்துக்கொண்ட இடம் அது. சடையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஒருமுறை மூட்டை தூக்க வந்ததால் தவசிக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் கார்டு இரண்டு வாச்சர்களோடு வேறெங்கும் தேடாமல், கோடு போட்டது மாதிரி நேராக ஓட்டைப்பாறைக்குப் போய், அந்தப் பருவம் முழுவதும் சேர்த்த கல்பாசியை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

சடையன் அன்று சாப்பிடவில்லை. "எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், அப்புறம் அந்தக் காக்கிச்சட்டைக்குத் தெரியும்" என்றான்.

"ஒம் மச்சினன்யா அவன். எந் தம்பி."

"ஒந் தம்பின்றதாலதான் இன்னமும் பேசிக்கிட்டு இருக்கேன்."

தவசியிடம் கேட்டேன். சத்தியமாக நான் சொல்லவில்லை என்று அவன் சத்தியம் செய்யவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "என்னையப் பாத்தா அப்படியாக்கா தெரியுது?" என்று மட்டும் கேட்டான். எனக்கு அவனைப் பார்த்தால் எப்போதும் தம்பியாகத்தான் தெரியும், அதனால் அந்தக் கேள்வி எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

சின்னாத்தி ஒரு சோதனை வைத்தாள். தவசியின் குடிசையில் அவன் இருக்கும்போது, மரத்தடியில் நின்றுகொண்டு, மேல் ஓடையில் கல்பாசி மூட்டை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று உரக்கப் பேசுவது, பிறகு கார்டு வருகிறானா என்று பார்ப்பது. பேசினோம். கார்டு வந்தான். அவன் வாரத்துக்கு ஒருமுறை மேல் ஓடைக்கு எப்படியும் வருகிறவன்தான், அதை நான் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. பாதிப்பேர் மரம்தான் சொன்னது என்றார்கள், பாதிப்பேர் மரத்துக்கு வாய் ஏது, வாய் உள்ளவன் உள்ளேதானே இருந்தான் என்றார்கள். தவசிக்கு அன்றிலிருந்து குடியில் யாரும் புகையிலை கொடுக்கவில்லை, அவனிடம் நெருப்புகூடக் கேட்கவில்லை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேன் எடுக்கிறவன் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையின் முகத்தில் இறங்கும்போது, மேலே கயிறு ஒரு கல்லைச் சுற்றி வரும், அதன் முனையை அவனுடைய மச்சினன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்காருவான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் உட்கார வேண்டும். அண்ணன் தம்பிக்குப் பங்கு ஆசை வரும், பங்காளிக்குப் பழைய பகை வரும், ஆனால் தன் அக்கா தாலி அறுப்பதை எந்தத் தம்பியும் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. மச்சினன் இல்லாதவன் தேனுக்கு இறங்குவதில்லை. மச்சினன் இருந்தும் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு இறங்கினால், இவன் என்னைக் கொன்றுவிடுவான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதாக அர்த்தம். அப்படி யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமானதிலிருந்து சடையன் இறங்குகிறான், தவசி உட்காருகிறான், நான் நடுவில் நின்று இருவரையும் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என் வாழ்க்கை.

அந்த வைகாசிக் கடைசியில் சரிபார்ப்புக் குழு வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரிகள் வந்து வரைபடத்தையும் காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மேலே பரிந்துரை செய்வார்கள். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லா மரமும் இருக்கு. ஏழு மட்டும் தவசி அண்ணன் வீட்ல நிக்குது. ஏழு இல்லாட்டி ஆத்தாமூக்கு எல்லைக்குள்ள வராதுக்கா. மரத்த எப்படிக்கா மேல கொண்டுபோறது?"

"மரத்த எதுக்குக் கொண்டுபோகணும்? அவனக் கொண்டுபோனா அது வரும்" என்றாள் சின்னாத்தி.

இதனால்தான், குடியில் யாருமே முகம் கொடுத்துப் பேசாத என் தம்பியை, மரத்தைக் கூட்டி வருவதற்காக, முந்தின நாளே ஆத்தாமூக்கின் தலைக்கு அனுப்பி வைத்தார்கள். நான் களியும் துவையலும் கட்டிக் கொடுத்தேன். "மாடு மேய்க்கிற மாதிரி மரம் மேய்க்க விட்டுட்டாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டுதான் போனான்.

மறுநாள் அதிகாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, ஏழாம் எண் வேங்கை தன் பழைய இடத்தில் ஒரு முழம்கூடப் பிசகாமல் நின்றது. கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி கருவியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், சரி என்று குறித்துக்கொண்டார். கார்டு மட்டும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்களுக்கு மூச்சு வந்தது. அப்போது அதிகாரி பாறையின் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அடை அடையாகத் தேன் தொங்கியது, அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை.

"இதுல மனுஷன் இறங்க முடியுமா?" என்றார் அவர். "தேன் எடுக்கிறோம்னு எழுதியிருக்கீங்க. நான் தப்பாச் சொல்லல, ஆனா கண்ணால பாத்தாத்தானே நான் கையெழுத்துப் போட முடியும்?"

சடையன் கொடிக்கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். தவசி வழக்கம்போல் கல்லுக்குப் பின்னால் போய்க் காலை ஊன்றி உட்கார்ந்து, கயிற்றின் முனைக்காகக் கையை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சடையன் அவனைத் தாண்டிப் போய், எல்லோரும் பார்க்க, முனையை வேங்கை மரத்தில் கட்டினான். மூன்று முடிச்சு, தாலி முடிச்சு மாதிரி.

குடி முழுவதும் அங்கே நின்றது. அதிகாரிகளுக்கு அதில் என்ன நடந்தது என்றே தெரியாது, பாதுகாப்பாகக் கட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

"ஏய்யா, வேண்டாம்யா" என்றேன்.

"மரம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. ஆனா மரத்துக்கு எங்கிட்ட கோவமில்ல" என்றான் சடையன். இலைப்பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு, டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு, விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டான்.

தவசி எழுந்தான். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். என்னைப் பார்க்கவில்லை. மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே குடிக்குப் போகிற பாதையில் நடக்க ஆரம்பித்தான், அவன் இரண்டாவது வளைவில் மறைந்த பிறகுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அவன் போகிற பக்கம் இந்த மரம் போகும். இந்த மரத்தில் என் புருஷன் தொங்குகிறான்.

அந்த நேரம் பார்த்து எல்லோரும் கீழே சடையனைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு விறைத்து, கல்லில் உரசி, கறகறவென்று ஏறியது. கீழேயிருந்து சடையனின் குரல் வந்தது, "யாருடா மேல இழுக்குறது? நான் இன்னம் அடையத் தொடவே இல்லடா!"

திரும்பினேன். வேங்கை ஓர் எட்டு தள்ளி நின்றது.

"எல்லாரும் மரத்தப் பாருங்க!" என்று கத்தினேன். "யாரும் கீழ பாக்காதீங்க, மரத்தப் பாருங்க, கண்ண எடுத்தா அவன் செத்தான்!"

குடி புரிந்துகொண்டது. அத்தனை பேரும் வேங்கையை வெறித்தார்கள். அதிகாரி மட்டும் என்ன என்ன என்று அங்குமிங்கும் திரும்ப, சின்னாத்தி அவர் தாடையைப் பிடித்து மரத்தின் பக்கம் திருப்பி, "பாருங்க சாமி, இம்புட்டுத் தூரம் பாக்கத்தானே வந்தீங்க" என்றாள். கார்டு பார்த்தான், ஜெசிந்தா கண்ணீர் வழிய இமைக்காமல் பார்த்தாள், வெறும் மரத்தை அத்தனை பேர் அத்தனை பக்தியாகப் பார்த்ததை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை. மரம் நின்றது. கயிறு நின்றது. கீழே புகை எழுந்தது, ஈக்கள் இரைந்தன, சடையன் வேலையைத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தது.

அப்போது மேற்கேயிருந்து மேகமூட்டம் வந்தது. வைகாசிக் கடைசியில் அது வரும், எப்போதும் வரும், அன்று மட்டும் வராமலா இருக்கும். முதலில் பள்ளத்தாக்கு போனது, பிறகு விளிம்பு போனது, பிறகு மரத்தின் உச்சி, பிறகு மஞ்சள் ஏழு, பிறகு அடிமரம். எத்தனை கண் இருந்து என்ன, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் தட்டுத் தடுமாறிக் கல்லுக்குப் போய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தவசி! அக்கா கூப்புடுறேன்டா! தவசி!"

பழைய துணி கிழிகிற மாதிரி எங்கோ மண்ணுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கயிறு என் கையில் ஒருமுறை நடுங்கியது. பிறகு தளர்ந்தது. முழுதாகத் தளர்ந்து, செத்த பாம்பாக என் கையில் கிடந்தது, கீழே சடையன் ஒரு சத்தம் போட்டான், அந்தச் சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் கயிற்றோடு இழுபட்டு முழங்கால் தேய விளிம்பை நோக்கிப் போனேன். ஒரு மூச்சு நேரம். பிறகு கயிறு விறைத்தது.

கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தது, மேலே தூக்கு என்று அடையாளம். எனக்குப் பின்னால் யாரோ இழுத்தார்கள், நானும் இழுத்தேன். மூட்டம் விலகியபோது கல்லுக்குப் பின்னால் தவசி காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான், கயிறு அவன் இடுப்பில் இருந்தது, காக்கிச் சட்டை கிழிந்து இடுப்பில் தோல் உரிந்திருந்தது. வேங்கை அங்கே இல்லை. ஏழாம் எண்ணின் இடத்தில் போதைப்புல் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் அதிகாரி ஏற்கெனவே குறித்துவிட்டார், அதிகாரிகள் ஒருமுறை குறித்ததை மறுமுறை பார்ப்பதில்லை.

சடையன் விளிம்பில் ஏறி வந்தான். முகமெல்லாம் கொட்டு, முதுகில் தேன் நிரம்பிய டின். அவன் தேனைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை, கயிற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய் அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்த்தான்.

"நான் மரத்துல கட்டுனேன்" என்றான். "ஒரு மூச்சு நேரம் காத்துல கெடந்தேன். நான் தொங்கிக்கிட்டு இருக்கும்போது முடிச்ச அவுத்தது யாரு?"

ஆள் தொங்குகிற கயிற்றை அவிழ்க்கிறவனை எங்கள் குடி வைத்துக்கொள்வதில்லை. என்ன காரணம், எதற்காக, அடுத்த மூச்சில் எங்கே கட்டினான் என்பதெல்லாம் விசாரணையில் வராது. அவன் தட்டுமுட்டுச் சாமானோடு மலையிறங்க வேண்டும், அவன் பெயரைச் சொல்லி யாரும் அழக் கூடாது. குடி முழுவதும் தவசியின் பக்கம் திரும்பியது. கண்கொத்திப் பாம்பாக அத்தனை கண்ணும் அவன் மேல். அவன் வாய் திறப்பதைப் பார்த்தேன்.

"நாந்தான்யா அவுத்தேன்" என்றேன்.

சடையன் என்னைப் பார்த்தான்.

"மரம் கெளம்பிருச்சு. அவுத்து இவன் இடுப்புல கட்டுனேன். வேற என்ன செய்யச் சொல்ற?"

"நீயா?"

"நானேதான்."

பெண்களை மலையிறக்க வழக்கத்தில் இடம் இல்லை. கயிற்றைப் பெண் தொட்டதாகவே கதை இல்லை, அதனால் தண்டனையும் யாரும் யோசித்து வைக்கவில்லை. சின்னாத்தி என் முழங்காலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கல்லுக்கும் மரம் நின்ற இடத்துக்கும் நடுவிலிருந்த தூரத்தைப் பார்த்தாள், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதிகாரி தேனை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, பிரமாதம் என்றார்.

உத்தரவு கார்த்திகையில் வந்தது. ஆத்தாமூக்கு எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது, காட்டைக் காவல் காக்கிற பொறுப்பும் எங்களுக்கே வந்தது, குடியே கூத்தும் கும்மாளமுமாக இருந்தது. சடையன் அதற்கு முன்பே தவசியிடம் பேச ஆரம்பித்துவிட்டான். இடுப்புத் தோல் உரிய உட்கார்ந்து தூக்கியவனை எப்படிச் சந்தேகப்படுவது என்று அவனே ஊரில் சொன்னான். இருவரும் ஒன்றாகப் புகையிலை போட்டுக்கொண்டு எல்லைக் காவலுக்குப் போனார்கள், கெட்ட வார்த்தை சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் சடையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். நான் கஞ்சி ஊற்றினால் கிண்ணத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். "ஒரு மூச்சு நேரம்" என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், "ஒந் தம்பி இடுப்புல கட்டணும்னு என்னைய ஒரு மூச்சு நேரம் விட்டுட்டியே." வலித்தது, பொய் சொல்வானேன், கல்லால் அடித்த மாதிரி வலித்தது.

வேங்கை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆத்தாமூக்கிலிருந்து இறங்கிய மறுநாள் காலையில் அது எங்கள் குடிசைக்குப் பின்னால் நின்றது, விறகுக் கட்டைத் தள்ளிவிட்டு. தவசி எங்கே போனாலும் அதற்குப் பிறகு அது போகவில்லை. நான் தண்ணீருக்குப் போனால் ஓடைக்கரையில் நிற்கும், நான் கிழங்குக்குப் போனால் சரிவில் நிற்கும். ஓடையில் பெண்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பாத்தியா, மரம் சரியான ஆளத்தான் பிடிச்சிருக்கு என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

இந்த வைகாசியில், முதல் தேனுக்குப் போகிற நாள் காலையில், தவசி வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், காக்கி இல்லை. மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"முடியலக்கா. மச்சான்கிட்டச் சொல்லிடுறேன்."

"எதச் சொல்லுவ?"

"அவுத்தது நான்னு."

"அத மட்டுமா?" என்று கேட்டேன். "இல்ல ஓட்டைப்பாறையையும் சேத்துச் சொல்லுவியா?"

என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கால் பெருவிரலால் மண்ணைக் கீறினான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்குத் தேவையான நேரத்தை நான் கொடுத்தேன், அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிற வரைக்கும் கொடுத்தேன். அவன் சொல்லவில்லை. அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

வெளியே சடையன் கொடிக்கயிற்றை முறுக்கி முடித்துவிட்டு, "மாப்ள, வாடா, வெயில் ஏறுது" என்று கூப்பிட்டான்.

"போ" என்றேன். "அந்த வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன். போயி ஒக்காரு. கால நல்லா ஊனி ஒக்காரு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். சடையன் கயிற்றின் முனையை எடுத்து, அங்கேயே, வாசலிலேயே, அவன் இடுப்பில் வைத்து அளவு பார்த்தான். நான் பொங்கிய கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வேங்கையின் தாழ்ந்த கிளையில் ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டேன்.